கேம் பாஸ் சந்தா: வாஷிங்டன் அணி எழுந்து நின்ற பருவத்தை மதுரையிலிருந்து பார்த்தவரின் மதிப்பீடு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களை அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் இணையத்தில் பார்ப்பதற்கு ‘கேம் பாஸ்’ என்ற சந்தா இருக்கிறது. 2023ஆம் ஆண்டிலிருந்து அது டசோன் செயலியின் வழியாகக் கிடைக்கிறது. 2024 பருவத்திற்கு அந்தச் சந்தாவை எடுத்து, வாஷிங்டன் கமாண்டர்ஸ் என்ற ஒரே அணியை, செப்டம்பர் மாதத்து முதல் தோல்வியிலிருந்து ஜனவரி மாதத்துக் கடைசித் தோல்வி வரை, மதுரையில் என் வீட்டிலிருந்தே பின்தொடர்ந்தேன். இந்த மதிப்பீடு அந்த ஒரு பருவத்தை வைத்து எழுதப்படுவது. ஓர் அணியைத் தேர்ந்துகொண்டு அதன் ஆட்டங்களை முழுமையாகப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இந்தச் சந்தா கொடுத்த பணத்திற்கு மேலாகவே தருகிறது. இணையத்தில் இலவசமாக வரும் சில நிமிடத் தொகுப்புகளே போதும் என்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொகுப்புகளில் எது விடுபட்டுப் போகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கபடி அணியும் என் பொறுப்பில் இருக்கிறது. வர்ஜீனியாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் இந்த அணியைக் கைகாட்டினான். “மாமா, புதுக் கோச் வந்திருக்காரு. ஒரு டீமை அடியில இருந்து எப்படிக் கட்டுறாங்கன்னு இந்த வருசம் பாருங்க” என்று அவன் சொன்னது, பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. வெற்றி பெற்றுப் பழகிய அணியைப் பார்ப்பதைவிட, தோற்றுத் தோற்றுத் துவண்டுபோன அணியை ஒருவர் கையிலெடுத்து நிமிர்த்துவதைப் பார்ப்பதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

வாஷிங்டன் அணி உண்மையிலேயே துவண்டுதான் கிடந்தது. 1932இல் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்டு 1937இல் தலைநகருக்கு வந்த பழைய அணி அது. ஜோ கிப்ஸ் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 1982, 1987, 1991 பருவங்களில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் மூன்று முறை கோப்பை வென்றது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. உரிமையாளர் டேன் ஸ்னைடரின் காலம் ரசிகர்களுக்கு மனக்கசப்பாகவே கழிந்தது. 2023இல் ஜாஷ் ஹாரிஸ் தலைமையிலான குழு 605 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. அந்தப் பருவத்தில் கடைசி எட்டு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று, 4 வெற்றி 13 தோல்வி என்று முடித்தார்கள். எதிரணிகள் அவர்கள்மீது குவித்த புள்ளிகள் 518. லீகிலேயே அதைவிட அதிகம் விட்டுக்கொடுத்த அணி இல்லை. பயிற்சியாளர் ரான் ரிவேரா நீக்கப்பட்டார். பொது மேலாளராக ஆடம் பீட்டர்ஸும் தலைமைப் பயிற்சியாளராக டேன் குவினும் வந்தார்கள்.

குவின் பெயரைக் கேட்டதும் அந்த விளையாட்டை அறிந்த எவருக்கும் நினைவுக்கு வருவது ஒரு தோல்விதான். 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் அவருடைய அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி 28-3 என்று முன்னிலை பெற்றிருந்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று தோற்றது. 2020இல் முதல் ஐந்து ஆட்டங்களையும் இழந்தபின் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு டல்லாஸ் அணியில் தற்காப்புப் பயிற்சியாளராக மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். இப்படி ஒருவரிடம் சரிந்து கிடக்கும் அணியை ஒப்படைத்தபோது பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை.

ஆட்டத்தின் விதியை ஓரளவு சொன்னால்தான் மேற்கொண்டு எழுதுவது புரியும். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு தூரம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். மூன்று முயற்சியிலும் அந்தத் தூரம் கடக்காவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணியின் எல்லையை நோக்கி நெடுந்தூரம் உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பன்ட் என்று பெயர். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்குள் உதைத்து மூன்று புள்ளி எடுப்பார்கள்; இது ஃபீல்டு கோல். பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் நுழைந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. துணிந்தவர்கள் நான்காவது முயற்சியிலும் பந்தைக் கொண்டு ஓடுவார்கள் அல்லது எறிவார்கள். தவறினால் அதே இடத்தில் பந்து எதிரணிக்குப் போய்விடும். என் வீட்டு மாடியில் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக் கபடிப் பிள்ளைகளில் ஒருவன், “சார், இது நம்ம டூ ஆர் டை ரெய்டு மாதிரில்ல இருக்கு?” என்றான். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் விளக்கத் தெரியாது.

இனி சேவைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து பார்ப்பவருக்கு முதல் கேள்வி நேரம்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு 10.30க்கு வரும். 4.25க்குத் தொடங்குவது நமக்குத் திங்கள் அதிகாலை 1.55. இரவு 8.20 ஆட்டம் நமக்குக் காலை 5.50. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவைப்பதால், அன்று முதல் எல்லாமே நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சந்தா எடுப்பவர் நவம்பரில் குழம்பிப்போவார். அதிகாலை ஒன்றரை மணி, இரண்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை நேரலையில் பார்க்க வேண்டும் என்று நினைப்பவருக்கு மதுரை நல்ல ஊர் என்றே சொல்வேன். இடைவேளையில் மாட்டுத்தாவணிப் பக்கம் வண்டியை விட்டால் எந்த நேரத்திலும் டீ கிடைக்கும். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் பருவம் முழுவதும் இப்படி விழித்திருக்க முடியாது. மறுஒளிபரப்பை வைத்துத்தான் இந்தச் சந்தாவை எடைபோட வேண்டும்.

ஆட்டம் முடிந்தபின் அதை இரண்டு வடிவங்களில் பார்க்கலாம். ஒன்று, ஒளிபரப்பான முழு ஆட்டம். மூன்று மணி நேரத்திற்கும் மேல் ஓடும். மற்றது, இடைவெளிகளையெல்லாம் நீக்கி ஏறக்குறைய 40 நிமிடங்களில் அடக்கிய சுருக்க வடிவம். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ரெட்ஸோன்’ என்ற தனி அலைவரிசையும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் எல்லா ஆட்டங்களுக்கும் மாறி மாறித் தாவி, எங்கெல்லாம் புள்ளி விழப்போகிறதோ அங்கெல்லாம் அழைத்துப் போவது அதன் வேலை. தொகுப்பாளர் ஸ்காட் ஹான்சன் மணிக்கணக்காக ஒரே மூச்சில் அதை நடத்துவது வியக்கத்தக்க உழைப்பு. ஆனாலும் ஒரு பருவத்தைப் புரிந்துகொள்ள ரெட்ஸோன் உதவாது. புள்ளி விழும் இடத்தை மட்டும் காட்டுவதால், அந்த இடத்திற்கு அணி எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

40 நிமிட வடிவத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதிகளைப் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஒரு முயற்சி முடிந்த கையோடு அடுத்தது வருவதால் ஆட்டத்தின் நடை பிடிபட்டுவிடுகிறது. பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டியதும் அதைத்தான். இந்த விளையாட்டில் பந்து உண்மையில் ஓடும் நேரம் மொத்தமே 11 நிமிடம் அளவில்தான் என்று அமெரிக்க நாளிதழ் ஒன்று கணக்கெடுத்துச் சொன்னது பலமுறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் 40 நிமிடத்தில் ஒன்றும் விடுபடாது என்று தோன்றும். ஆனால் பயிற்சியாளரின் வேலை அந்த 11 நிமிடத்திற்கு வெளியேதான் நடக்கிறது. தவறு செய்து திரும்பும் வீரனிடம் யார் போய்ப் பேசுகிறார்கள், நான்காவது முயற்சிக்கு முன்னால் ஓரத்தில் நிற்பவர்கள் தயங்குகிறார்களா, எதிரணி ஆட்களை மாற்றும்போது நம்மவர்கள் அதைக் கவனிக்கிறார்களா என்பதெல்லாம் சுருக்கத்தில் வெட்டப்பட்டுவிடும். தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கோட்டின் ஓரமாக ஓடி ஓடி ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுக்கும் குவினை முழு ஆட்டத்தில்தான் பார்க்க முடியும்.

பருவம் தம்பாவில் 37-20 என்ற தோல்வியோடு தொடங்கியது. அந்த ஆட்டத்தில் உதைப்பவர் கேட் யார்க் இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார். அந்த வாரத்திலேயே அவரை விடுவித்து ஆஸ்டின் சைபர்ட்டைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஞாயிறு நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக வாஷிங்டனுக்கு ஒரு டச்டவுன்கூடக் கிடைக்கவில்லை. சைபர்ட் ஏழு முறை உதைத்து ஏழிலும் வெற்றி கண்டார், 21-18. ஜயண்ட்ஸ் மூன்று டச்டவுன் அடித்தும் தோற்றது, ஏனென்றால் அவர்களுடைய உதைப்பவர் ஆட்டத்தின் முதல் உதையிலேயே காயம்பட்டு வெளியேறிவிட்டார். ஓட்டை எங்கே என்று தெரிந்தவுடன் ஒரே வாரத்தில் அடைப்பதை அந்த ஆட்டத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இது வெல்லக்கூடிய அணி என்ற நம்பிக்கை எனக்கு அங்கிருந்தே வந்தது.

மற்றவர்களுக்கு அந்த நம்பிக்கை செப்டம்பர் 24 செவ்வாய்க்கிழமை காலை வந்திருக்கும். சின்சினாட்டி நகரில் நடந்த திங்கள் இரவு ஆட்டம் நமக்கு 5.45க்குத் தொடங்கியது. முதல் பாதியை நேரலையில் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போய், மீதியை மாலையில் மறுஒளிபரப்பில் பார்த்தேன். நிறுத்திய இடத்திலிருந்து தொடர முடிந்தது பெரிய வசதி. முதலாண்டு வீரரான ஜேடன் டேனியல்ஸ் என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை வழிநடத்துபவர், 23 முறை எறிந்ததில் 21 பந்துகள் கைசேர்ந்தன. எதிரே நின்ற ஜோ பர்ரோவும் அவரும் ஒரே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, கல்லூரி அளவில் ஹைஸ்மன் விருது வாங்கியவர்கள். இரு அணிகளும் ஒரு முறைகூடப் பன்ட் அடிக்கவில்லை. முடிய ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருக்கையில், மூன்றாவது முயற்சியில் எதிரணி ஆட்கள் திரண்டு பாய்ந்து வர, அடி விழும் என்று தெரிந்தும் நகராமல் நின்று 27 யார்டு தூரத்தில் ஓடிய டெரி மெக்லாரின் கையில் பந்தைச் சேர்த்தார் டேனியல்ஸ். அந்த எறிதலைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். எறிந்தவரின் கால்களை மட்டும் கவனிக்கச் சொன்னேன். மோதல் வரும் நொடிவரை அவை பின்வாங்கவே இல்லை. 38-33.

முழு ஆட்டத்திற்கும் தொகுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட எனக்கு ஒரே ஆட்டம் போதும்: அக்டோபர் 27, சிகாகோ பேர்ஸ். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அது. விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்துவிட்டு நெரிசலில் வீடு வந்து சேர்ந்தவர்களெல்லாம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த அதிகாலை 1.55க்கு ஆட்டம் தொடங்கியது. கல்லூரி வீரர்களை லீக் அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் அந்த ஆண்டுத் தேர்வில் முதலிடத்தில் எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸ் ஒரு பக்கம், இரண்டாமிடத்தில் எடுக்கப்பட்ட டேனியல்ஸ் மறுபக்கம். முந்திய வாரம் விலாவில் அடிபட்டிருந்ததால் டேனியல்ஸ் ஆடுவாரா என்பதே கடைசிவரை உறுதியாகவில்லை. வாஷிங்டன் நான்கு ஃபீல்டு கோல்களால் 12 புள்ளி எடுத்திருந்தது. முடிய 25 விநாடி இருக்கும்போது பேர்ஸ் டச்டவுன் அடித்து, அதன்பின் கிடைக்கும் வாய்ப்பில் கூடுதல் இரண்டு புள்ளியையும் எடுத்து 15-12 என்று முந்தியது.

எல்லாரும் பார்த்தது அதற்குப்பின் வந்த கடைசி எறிதலைத்தான். டேனியல்ஸ் பன்னிரண்டு விநாடிக்கு மேல் அங்குமிங்கும் ஓடித் தப்பித்து, பந்தை வானத்தில் எறிந்தார். கூட்டமாகக் குதித்தவர்களில் ஒருவர் கைபட்டுத் தெறித்த பந்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுன் கையில் போய் விழுந்தது. 52 யார்டு டச்டவுன், 18-15. இது அதிர்ஷ்டம் என்று எவரும் சொல்லலாம். ஆனால் அதற்கு முந்திய முயற்சியைப் பாருங்கள். ஆறு விநாடி மீதமிருக்க, பந்து வாஷிங்டனின் 35 யார்டுக் கோட்டில் இருந்தது. அங்கிருந்து எறிந்தால் எல்லைவரை போகாது. பேர்ஸ் தற்காப்பாளர்கள் எல்லாரும் ஆழத்தில் நின்றுகொண்டு ஓரங்களைத் திறந்து விட்டிருந்தார்கள். வாஷிங்டன் அதைக் கண்டுகொண்டு, ஓரமாக ஓடிய மெக்லாரினுக்கு 13 யார்டு எறிந்தது. அவர் பிடித்த கையோடு கோட்டுக்கு வெளியே கால்வைத்துக் கடிகாரத்தை நிறுத்தினார். மீதி இரண்டு விநாடி. பந்து 48 யார்டுக் கோட்டில். எட்டாத தூரம் எட்டும் தூரமானது அந்த ஒரு சாதாரண எறிதலால்தான். இணையத்தில் வந்த சிறு காட்சிகள் பெரும்பாலும் இதைக் காட்டவே இல்லை.

அந்தக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. கடைசி முயற்சி தொடங்கிய கணத்தில் பேர்ஸ் தற்காப்பாளர் டைரீக் ஸ்டீவன்சன், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பார்வையாளர் பக்கம் திரும்பிச் சைகை செய்துகொண்டிருந்தார். பிறகு பதறி ஓடிவந்து பந்தைத் தட்டியவரும் அவரே. அவர் கைபட்டுத்தான் அது பிரவுனிடம் போனது. ஆட்டம் முடியும் முன்னே முடிந்துவிட்டதாக நினைப்பவனுக்கு என்ன நேரும் என்று நான் வாய்வலிக்கச் சொல்லியும் ஏறாததை, பிள்ளைகள் இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். பந்தைப் பிடித்த நோவா பிரவுனும், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஹூஸ்டன் அணி வேண்டாம் என்று விட்டபிறகு வாஷிங்டன் சேர்த்துக்கொண்டவர்.

குவின் அணியைக் கட்டிய விதமே இதுதான். முப்பது வயதைக் கடந்த பாபி வாக்னரைத் தற்காப்பின் நடுவில் நிறுத்தினார். சியாட்டில் நகரில் இருவரும் முன்பு சேர்ந்து வேலை செய்தவர்கள். தாக்குதல் பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரிக்கு அரிசோனாவில் பழக்கமான சாக் எர்ட்ஸ் வந்தார். இளைஞரான டேனியல்ஸைச் சுற்றி ஆட்டம் தெரிந்த மூத்தவர்களை வைத்தார்கள். அதன் பலன் நான்காவது முயற்சிகளில் தெரிந்தது: வழக்கமான பருவத்தில் 23 முறை துணிந்து 20 முறை வென்றார்கள். துணிச்சல் என்று மட்டும் அதைச் சொன்னால் போதாது. மூன்றாவது முயற்சியிலேயே, அடுத்து இன்னொன்று இருக்கிறது என்ற தெளிவோடு ஆடினார்கள். அவசரப்பட்டு நெடுந்தூரம் எறியாமல், நான்கு ஐந்து யார்டு எடுத்துவைத்து அடுத்ததை எளிதாக்கிக்கொண்டார்கள். வாரா வாரம் முழு ஆட்டம் பார்த்தவருக்குத்தான் இந்தக் கணக்கு பிடிபடும்.

நவம்பரில் வரிசையாக மூன்று தோல்விகள்: பிட்ஸ்பர்க், பிலடெல்பியா, டல்லாஸ். டல்லாஸ் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் மெக்லாரின் 86 யார்டு ஓடியும், கூடுதல் ஒரு புள்ளிக்கான எளிய உதை தவறிப்போய், உடனே எதிரணி இன்னொரு டச்டவுன் அடித்து 34-26 என்று முடிந்தது. பழைய வாஷிங்டனாக இருந்தால் அங்கேயே சரிந்திருக்கும். இவர்கள் அதன்பின் வழக்கமான பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

டிசம்பர் 22 இரவு பிலடெல்பியாவுடன் மறுஆட்டம். ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தும் வாஷிங்டன் விடாமல் துரத்தி வந்தது. கடைசி நிமிடங்களில் எங்கள் பகுதிக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் கம்பி செத்துப்போக, பக்கத்து வீட்டுத் தம்பி தன் கைப்பேசி இணைப்பைக் கொடுத்தார். அதில்தான் ஆறு விநாடி மீதமிருக்க ஜேமிசன் கிரவுடர் பிடித்த 9 யார்டு டச்டவுனைப் பார்த்தேன். டேனியல்ஸுக்கு அன்று ஐந்தாவது டச்டவுன் எறிதல் அது, 36-33. வீட்டு இணைப்பு ஒன்றையே நம்பி நேரலை பார்க்கக் கூடாது. கைப்பேசியில் டேட்டா மிச்சம் வைத்திருப்பது அவசியம். அடுத்த வாரம் அரையாண்டு விடுமுறையில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 30-24 என்று வென்றதைப் பிள்ளைகளோடு நிம்மதியாகப் பார்த்தேன். வெற்றிப் பந்தைப் பிடித்தவர் எர்ட்ஸ், வீழ்ந்தது குவினின் பழைய அணி. முடிவில் 12 வெற்றி, 5 தோல்வி. 1991க்குப் பிறகு அவர்கள் பெற்ற மிகப்பெரிய எண்ணிக்கை. விட்டுக்கொடுத்த புள்ளிகள் 518இலிருந்து 391ஆகக் குறைந்தன. எடுத்தவை 329இலிருந்து 485ஆக உயர்ந்தன.

போகியன்று காலை, வாசலில் காப்புக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பாவில் பிளே ஆஃப் ஆட்டம். 20-20 என்ற நிலையில் கடைசி உதை. சேன் கொன்சாலஸ் அடித்த 37 யார்டு பந்து வலது கம்பத்தில் மோதி உள்ளே விழுந்தது. 2005 பருவத்திற்குப் பிறகு வாஷிங்டன் வென்ற முதல் பிளே ஆஃப் ஆட்டம் அது; அன்று வென்றதும் இதே தம்பா அணியை இதே ஊரில்தான். அடுத்த வாரம், 15 வெற்றிகளோடு முதலிடத்தில் இருந்த டெட்ராய்ட்டை அதன் சொந்த மண்ணில் 45-31 என்று சாய்த்தார்கள். டெட்ராய்ட் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. நேரம் கிடைக்காதவர் இந்தப் பருவத்தில் ஒரே ஆட்டத்தை முழுமையாகப் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஓர் ஆண்டு முன்பு லீகிலேயே கடைசியாக இருந்த தற்காப்பு, லீகின் மிக வலுவான தாக்குதல்களில் ஒன்றை எப்படித் தடுமாறவைத்தது என்பதை வரிவரியாகக் காணலாம்.

ஜனவரி 27 அதிகாலை பிலடெல்பியாவில் கதை முடிந்தது. பிலடெல்பியா பந்தை வாங்கிய முதல் முயற்சியிலேயே சக்குவான் பார்க்லி 60 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். வாஷிங்டன் நான்கு முறை பந்தைக் கைவிட்டது, 55-23. தன் எல்லைக் கோட்டருகே எதிரணி கூட்டமாகத் தள்ளிக்கொண்டு முன்னேறும் ஓட்டத்தைத் தடுக்க, பிரான்கி லூவு பந்து அசையும் முன்னரே ஆட்களுக்கு மேலாகத் தாவித் தாவிக் குதித்தார். இப்படியே தொடர்ந்தால் எதிரணிக்குப் புள்ளி கொடுத்துவிடலாம் என்று நடுவர் ஒலிபெருக்கியில் எச்சரிக்கும் நிலை வந்தது. வாஷிங்டனிடம் உடல்வலு மிக்க முன்வரிசை இல்லை என்ற உண்மை அந்தக் காட்சியில் வெளிப்பட்டுவிட்டது. பருவம் முழுவதும் கடைசி நொடி வெற்றிகளும் நான்காவது முயற்சிகளும் மறைத்துவைத்திருந்த குறை அது. இந்த ஆட்டத்தைத் தவிர்த்துவிட்டு டெட்ராய்ட்டோடு நிறுத்திக்கொண்டால் அணியைப் பற்றிய கணிப்பு தவறாகத்தான் இருக்கும்.

சேவையின் குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது மொழிதான். வர்ணனை முழுவதும் ஆங்கிலத்தில், அதுவும் விதிகளைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர்களுக்காகச் சொல்லப்படுகிறது. புரோ கபடிக்கும் ஐ.பி.எல். ஆட்டங்களுக்கும் தமிழ் வர்ணனை கேட்டுப் பழகிய பிள்ளைகள், முதல் சில வாரங்கள் நான் பக்கத்தில் இருந்து விளக்கியிராவிட்டால் எழுந்து போயிருப்பார்கள். தமிழில் முழு வர்ணனை வேண்டும் என்று இப்போதைக்குக் கேட்க மாட்டேன். விதிகளையும் வீரர்களின் இடங்களையும் விளக்கும் சில குறும்படங்களாவது இருந்தால் நம் ஊர்களில் இதைப் பார்க்கக்கூடியவர்கள் பலர் வருவார்கள். அடுத்தது, முடிவு தெரியாமல் மாலையில் மறுஒளிபரப்பு பார்க்க விரும்புபவர், பகல் முழுவதும் சமூக ஊடகங்களை அணைத்துவைக்கத்தான் வேண்டும். செயலியைத் திறந்ததும் நேராகத் தன் அணியின் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

சந்தா எடுப்பவர் பருவம் தொடங்கும் செப்டம்பரிலேயே எடுக்க வேண்டும். பிளே ஆஃப் நெருங்கும்போது சேர்ந்தால் யார் யாரிடமிருந்து எதை மீட்டார்கள் என்பது தெரியாது. எந்த அணி என்று கேட்டால், முந்திய பருவத்தில் அடிபட்டு, புதிய பயிற்சியாளரை வைத்திருக்கும் அணிகளில் ஒன்றை எடுங்கள். ஆண்டுதோறும் அப்படிச் சில அணிகள் இருக்கும். முதல் ஐந்தாறு ஆட்டங்களைச் சுருக்க வடிவத்தில் பார்த்து விதிகளைப் பிடித்துக்கொண்டு, பிறகு முழு ஆட்டத்துக்கு மாறலாம். கட்டணம் தானாகப் புதுப்பிக்கப்படும் ஏற்பாடு இருக்கிறதா என்பதைச் சந்தா எடுக்கும் அன்றே அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். பெரிய திரை இருந்தால் நல்லது; இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் நகரும் ஆட்டத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தால் பந்து வைத்திருப்பவர் மட்டும்தான் தெரிவார், கற்றுக்கொள்ள வேண்டியதோ மற்ற இருபத்தொரு பேரிடம் இருக்கிறது.